அளவு நாடாவோடு டிராக்டர் வாங்கப் போனவன்

என்னிடம் இருப்பது மூன்று ஏக்கர் நிலம். பாதி சமதளம், பாதி சரிவு, நடுவே இரண்டு வரிசை மரங்கள், ஓரத்தில் தாழ்வான ஒரு கொட்டகை. டிராக்டர் வாங்கலாம் என்று யாரிடம் வாயைத் திறந்தாலும் வரும் முதல் கேள்வி, "எத்தனை எச்.பி. பார்க்கிறீங்க?" என்பதுதான். பிள்ளையைப் பார்த்தவுடனே எத்தனை மார்க் என்று கேட்பதைப் போல. நானும் ஒரு வருஷத்துக்கு மேல் அந்த எண்ணையே சுற்றிச் சுற்றி வந்தேன். 20 போதுமா, 25 வேண்டுமா, இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் 35 வந்துவிடுமே என்று. இப்போது ஒரு வண்டி கொட்டகையில் நிற்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன்: குதிரைத்திறனுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் நாலைந்து இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் குதிரைத்திறன் தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

இந்த விஷயத்தில் நான் செய்த உருப்படியான காரியம், வாங்குவதற்கு முந்தைய வருஷம் ஒரு நோட்டு போட்டது. வாடகை வண்டி வந்தால் எத்தனை மணி நேரம் ஓடியது, ஆள் வைத்துச் செய்த வேலையை வண்டியில் செய்திருந்தால் எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று அன்றன்றைக்கே எழுதி வைத்தேன். வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் உழவு 14 மணி நேரம். மரங்களுக்கிடையில் புல் வெட்டுவது 32. உரம், மண், விறகு, வெட்டிய கிளைகள் என்று இழுத்துப்போட்டது 25. உழவுக்குத்தான் வண்டி என்று மனதில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் கேட்டுத் திரிந்திருக்கிறேன். நோட்டைப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு வேலைதான் உழவு.

வெறும் அந்த 14 மணி நேரம்தான் என்றால் வாங்கியிருக்கவே மாட்டேன். வாடகை வண்டியே லாபம். அதில் ஒரே சிக்கல், மழை பெய்து மண் பக்குவமாக இருக்கும் அந்த இரண்டு நாளில் எல்லோருக்கும் அதே வண்டி வேண்டும். நமக்கு முறை வருவதற்குள் மண் காய்ந்து கட்டியாகிவிடும். பவர் டில்லரும் ஓட்டிப் பார்த்தேன். சமதளத்தில் நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். சரிவில் அதைத் திருப்பித் திருப்பி, சாயங்காலம் தோள்பட்டை கழன்று வந்துவிடும்போல இருந்தது. பாரம் இழுக்கவும் அது தோதுப்படவில்லை. சரி, மினி டிராக்டர்தான் என்று முடிவானது அப்படித்தான்.

அடுத்தது அளவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடாவை எடுத்துக்கொண்டு நிலம் முழுக்க நடந்தேன். வாசல் கேட் ஒன்றரை மீட்டர். மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் இரண்டே கால் மீட்டர். தாழ்ந்த கிளைகளைக் கணக்கில் எடுத்தால் இரண்டுகூட இல்லை. வரிசை முடிந்து வேலி தொடங்கும்வரை, அதாவது வண்டி திரும்ப வேண்டிய இடம், மூன்றரை மீட்டர். வழக்கமான 35, 40 எச்.பி. டிராக்டரின் அகலமே சுமார் 1.7 மீட்டர். கேட்டை இடித்துக் கட்டலாம். மரத்தை நகர்த்த முடியுமா? மினி டிராக்டர்களில் பல ஒரு மீட்டரிலிருந்து 1.2 மீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடும். பெரிய வண்டி ஆசை அந்த ஞாயிற்றுக்கிழமையோடு போயிற்று. திரும்புகிற இடம் மட்டும் கொஞ்சம் கவலையாக இருந்தது. திருப்பு வட்டம் என்று விளம்பரத்தாளில் போடுவது பெரும்பாலும் பின்னால் எதையும் மாட்டாமல், ஒரு பக்க பிரேக்கை மிதித்துத் திருப்பிய கணக்கு. பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் தொங்கும்போது அதன் பின்முனை வேலியைத் தேடிக்கொண்டு போகும்.

இப்போது குதிரைத்திறனுக்கு வருகிறேன். எனக்கே இது புரிந்தபோது தூக்கிவாரிப் போட்டது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு நொடியில் 75 கிலோவை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்குவது ஒரு குதிரைத்திறன். இது மெட்ரிக் கணக்கு. மினி டிராக்டர் ஒன்று 800 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். உழுத மண்ணில் டயர் பிடித்து இழுக்கக்கூடியது, தோராயமாக, இழுக்கும் சக்கரங்களின் மேல் இருக்கும் எடையில் பாதி. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியானால் 400 கிலோ இழுவை. அதற்கு மேல் இழுக்கச் சொன்னால் என்ஜின் திணறாது, டயர் சறுக்கும். உழவு வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 1.1 மீட்டர். 400ஐ 1.1ஆல் பெருக்கி 75ஆல் வகுங்கள். ஆறுகூட வரவில்லை! கியரில் போவது, சறுக்கலில் போவது, டயர் மண்ணில் அழுந்துவதில் போவது என்று எல்லா நஷ்டத்தையும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 12 எச்.பி.தான். அதே 800 கிலோ உடம்பில் 30 எச்.பி. என்ஜினை வைத்தாலும் கலப்பையை அது கூடுதலாக இழுத்துவிடப் போவதில்லை. உழவுக்கு வேண்டியது எடையும் டயர் பிடிப்பும். பெரிய என்ஜின் உபயோகப்படுவது ரோட்டவேட்டர், புல்வெட்டி மாதிரி பி.டி.ஓ.வில், அதாவது என்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பின்பக்கத் தண்டில், சுற்றும் கருவிகளுக்கு.

எடை வேண்டும், ஆனால் எல்லா நாளும் வேண்டாம் என்பது இதிலிருக்கும் வம்பு. புல் வெட்டும் நாளில் கனமான வண்டி ஈர மண்ணை மிதித்து இறுக்கிவிடும். அதனால்தான் எடையைக் கழற்றி மாட்டுகிற ஏற்பாடெல்லாம்: முன்னால் தொங்கவிடும் இரும்பு வெயிட், பின் சக்கரத்தில் போல்ட் போட்டு மாட்டும் வெயிட், டயருக்குள் தண்ணீர். வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி வால்வு மட்டம்வரை நிரப்பினால் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் பிடிக்கும். செலவில்லாத வழி. ஆனால் எடுப்பது நிரப்புவதைப்போலச் சுலபமில்லை.

ஒரு விற்பனையாளர் ஓட்டிக் காட்ட வண்டி கொண்டுவந்திருந்தார். பின்னால் ரோட்டவேட்டர் மாட்டியிருந்தது. சமதளத்தில் அழகாகத்தான் ஓடியது. "சரிவுல ஒரு தடவை ஏத்திக் காட்டுங்க" என்றேன். ரோட்டவேட்டரை உயரத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஏறினார். பாதி தூரத்தில் முன் சக்கரங்கள் இரண்டும் மெதுவாக, அவசரமே இல்லாமல், மண்ணை விட்டு ஒரு சாண் எழும்பின. ஓட்டியவர் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார். சக்கரம் காற்றில் திரும்புகிறது. வண்டி நேராகவே போகிறது. நல்லவேளை, அனுபவசாலி. லிஃப்ட் நெம்புகோலைத் தட்டி ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கினார். மூக்கு பொத்தென்று உட்கார்ந்தது. இறங்கி வந்து, "முன்னால வெயிட் போடலைங்க, அதான்" என்றார் சாவதானமாக. எனக்குத்தான் வேர்த்துவிட்டது.

அன்று இரவு கணக்குப் போட்டேன். 800 கிலோ வண்டியில் முன் அச்சின் மேல் 40 சதவீதம் என்றால் 320 கிலோ. ரோட்டவேட்டர் 250 கிலோ. அதன் பாரம் பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. இரண்டு அச்சுக்கும் இடையில் 1.5 மீட்டர். 250ஐ 1.2ஆல் பெருக்கி 1.5ஆல் வகுத்தால் 200. அதாவது முன்னச்சின் மேலிருந்து 200 கிலோவை ரோட்டவேட்டர் உருவிக்கொண்டது. மிச்சம் 120, வண்டி எடையில் 15 சதவீதம். ஸ்டீயரிங் பிடிக்க வேண்டுமானால் குறைந்தது 20 சதவீதமாவது முன்னால் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அதற்கு மேல் சரிவு வேறு. முன்னச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் 50 கிலோ வெயிட் தொங்கவிட்டால், நெம்புகோல் கணக்கில் அது முன்னச்சுக்கு 70 கிலோவாக வந்து சேரும். 190 ஆகிவிடும். சரியாகிவிடும். இதற்குப் பிறகு எந்த வண்டியைப் பார்த்தாலும் முன்னால் வெயிட் மாட்டும் கொக்கி இருக்கிறதா என்றுதான் முதலில் குனிந்து பார்த்தேன். பாரம் பின்னால் இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ரிவர்ஸில் ஏறுவது நல்லது என்பதும் அன்றைக்குக் கற்றதுதான்.

தூக்குதிறன் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அதிலும் இதே சூட்சுமம். கருவியைத் தாங்கும் இரும்புக் கையின், அதாவது லிங்க்கின், நுனியில் இவ்வளவு கிலோ தூக்கும் என்பது ஒரு கணக்கு. அதற்கு 610 மில்லிமீட்டர் பின்னால் எவ்வளவு தூக்கும் என்பது இன்னொரு கணக்கு. கருவியின் பாரம் லிங்க் நுனியில் இருப்பதில்லை, பின்னால்தான் இருக்கும். சின்ன எண்ணைக் கேளுங்கள்.

பின்னால் கருவியை மாட்டும் அந்த மூன்று புள்ளி இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் மனசு கேட்காது. கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் 1920களில் காப்புரிமை வாங்கியது. அதற்கு முன்பு கலப்பையைச் சங்கிலி போட்டு இழுத்த காலத்தில், கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டர் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு ஓட்டுபவர் மேலேயே விழும். ஃபெர்குசனின் அமைப்பில் கலப்பை மண்ணில் மாட்டித் திணறும்போது டாப் லிங்க் முன்னோக்கி அழுத்தப்படுகிறது. அது வண்டியின் மூக்கைக் கீழே பிடித்துக்கொள்கிறது. அந்த அழுத்தத்தை உணர்ந்து, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் வண்டியின் ஹைட்ராலிக் அமைப்பு கலப்பையைக் கொஞ்சம் தூக்கும். தூக்கும்போது கலப்பையின் பாரம் பின் சக்கரங்களுக்கு மாறிப் பிடிப்பு கூடும். இரும்பைக் கொட்டி வண்டியைக் கனமாக்க வேண்டிய தேவையையே இந்த யோசனை குறைத்துவிட்டது. 1938ல் ஹென்றி ஃபோர்டிடம் செய்து காட்டினார். இருவரும் எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் கைகுலுக்கிக்கொண்டார்கள். 1939ல் இந்த இணைப்போடு ஃபோர்டு 9என் டிராக்டர் வந்தது. கைகுலுக்கல் பிறகு நீதிமன்றத்தில் போய் முடிந்தது, அது வேறு கதை. இன்று மினி டிராக்டர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த யோசனையின் பேரப்பிள்ளைதான். பார்க்கும் வண்டியில், அழுத்தத்தை உணர்ந்து தானாகத் தூக்கும் இந்த டிராஃப்ட் கண்ட்ரோல் இருக்கிறதா, அல்லது வெறும் உயரக் கட்டுப்பாடு மட்டும்தானா என்று கேளுங்கள். உழவு அதிகமானவர்களுக்கு அது பெரிய வித்தியாசம். என்னைப்போல் புல் வெட்டுகிறவர்களுக்கு அவ்வளவு இல்லை.

கருவியைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற ஞானம் எனக்குத் தாமதமாக வந்தது. ரோட்டவேட்டர் அகலம் பின் டயர்களின் வெளி அகலத்தைவிடக் குறைந்தால், கிளறிய மண்ணின் மேல் டயர் தடம் விழும். மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிவிட்டு அதன் ஓரத்தை நாமே மிதித்து இறுக்குவது. என் மரங்களுக்கு இடையில் 1.1 மீட்டர் அகல வண்டிதான் புழங்க முடியும். அப்படியானால் ரோட்டவேட்டர் 1.2 மீட்டர். அந்த ரோட்டவேட்டரைச் சுற்ற பி.டி.ஓ.வில் 20 எச்.பி. வேண்டும் என்றார்கள். என்ஜினில் உள்ளது முழுதும் பி.டி.ஓ.வுக்கு வராது, பத்துப் பதினைந்து சதவீதம் வழியில் கரையும். ஆக என்ஜின் 24. ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட எண், அரை மணி நேரத்தில் இப்படி வந்து விழுந்தது. கருவியை மாட்டும் கீழ் லிங்க் ஊசியின் விட்டம் 22 மில்லிமீட்டரா என்பதையும் பார்த்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கும் சின்ன வண்டிக் கருவிகள் பெரும்பாலும் அந்த அளவுதான். இரவல் வாங்க முடியாத அளவில் வண்டி வாங்குவதைப்போல முட்டாள்தனம் வேறில்லை.

விற்பவர் சொல்லும் எண்ணை நம்பலாமா என்ற சந்தேகம் டிராக்டர் பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி, சொன்ன வேலையைச் செய்யாத டிராக்டர்களை வாங்கி நொந்துபோனவர். சட்டமன்ற உறுப்பினரானதும், சோதித்துப் பார்க்காத டிராக்டரை இங்கே விற்கக் கூடாது என்ற சட்டத்துக்கு வழி செய்தார். அது 1919. அடுத்த வருஷமே சோதனை தொடங்கியது, இன்றும் நடக்கிறது. இப்படிச் சுயேச்சையான சோதனை அறிக்கை ஒரு வண்டிக்கு இருந்தால் தேடிப் படித்துவிடுங்கள். பி.டி.ஓ. திறன், இழுவை, தூக்குதிறன் எல்லாம் அளந்தே எழுதியிருப்பார்கள்.

கியரா, எண்ணெய் அழுத்தத்தில் சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக்கா என்பதில் நிறையப் பேர் சண்டை போடுகிறார்கள். முன்னும் பின்னுமாகப் போய்வரும் வேலை அதிகமென்றால், முக்கியமாக முன்னால் மண் அள்ளும் லோடர் வைத்திருந்தால், பெடலை அழுத்தினால் போகிற ஹைட்ரோஸ்டாட்டிக் சுகம். உழவும் இழுவையும் அதிகமென்றால் கியர். ஹைட்ரோஸ்டாட்டிக்கில் கொஞ்சம் திறன் வெப்பமாகப் போகும், பழுது பார்க்கவும் விவரம் தெரிந்த ஆள் வேண்டும். நான் கியர்தான் எடுத்தேன். கால் பழகிவிட்டது.

பி.டி.ஓ.வைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகிவிடுவேன். நிமிடத்துக்கு 540 சுற்று என்பது கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. நொடிக்கு ஒன்பது சுற்று. தண்டின் விட்டம் 35 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு 11 சென்டிமீட்டர். ஒரு துணி முனை அதில் மாட்டினால் ஒரு நொடியில் ஒரு மீட்டர் துணியை உள்ளே இழுத்துவிடும். கையை எடுக்க வேண்டும் என்று மூளைக்குத் தோன்றுவதற்குள் கை அங்கே போயிருக்கும். ஷாஃப்ட்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாத கருவியை இரவலாகக்கூட வாங்குவதில்லை. துண்டு, தளர்ந்த சட்டை, வேட்டி, துப்பட்டா எதுவும் அதன் பக்கத்தில் கூடாது.

இன்னொன்று, இருக்கைக்குப் பின்னால் நிற்கும் கவிழ்ப்புக் காப்பு வளைவு. ஸ்வீடன் 1959லேயே புது டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. பின்பக்கமாகக் கவிழும் டிராக்டர் முழுதாகக் கவிழ்ந்து முடிய ஒன்றரை நொடிதான் ஆகும். குதித்துத் தப்பிக்கலாம் என்பதெல்லாம் பேச்சுக்கு. வளைவு நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் போட வேண்டும், மடக்கியிருக்கும்போது போடக் கூடாது. முதல் நிலையில் வளைவு காக்கும் எல்லைக்குள் பெல்ட் நம்மைப் பிடித்து வைக்கும். இரண்டாவதில் வண்டிக்கு அடியில் பிடித்து வைக்கும். வளைவு இல்லாத பழைய வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. என் சரிவை நினைத்துக்கொண்டு ஒன்றையும் தொடவில்லை.

புதிது என் கைக்கு எட்டவில்லை, பழையதுதான் தேடினேன். முதலில் பார்த்த வண்டிக்கு மணிமீட்டர் 640 மணி நேரம் காட்டியது. புதுசு மாதிரிதானே என்று குனிந்தால், கிளட்ச் பெடலின் ரப்பர் வரியெல்லாம் தேய்ந்து ஓரத்தில் இரும்பு பளபளத்தது. 640 மணி நேரத்தில் ரப்பர் அப்படித் தேயாது. என்ஜின் மேல் கையை வைத்தேன். சூடு. "காலையில சும்மா ஒரு ரவுண்டு ஓட்டினேன் சார்" என்றார் விற்பவர். மறுநாள் விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். குளிர்ந்த என்ஜின் பிடிக்கவே நேரமானது, பிடித்ததும் வெள்ளைப் புகை அடங்கவேயில்லை. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது வண்டிக்குப் பக்கத்து நிலத்து அண்ணனையும் கூட்டிப் போனேன். முப்பது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறவர். ஆயில் அளவுக் குச்சியை உருவி, விரலில் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். பின்னால் கலப்பையை மாட்டித் தூக்கி, என்ஜினை அணைத்து, கலப்பை முனை இருந்த உயரத்தை மட்கார்டில் சாக்பீஸால் கோடு போட்டார். "இப்ப பேசிட்டிருப்போம்" என்றார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு விரல்கூட இறங்கவில்லை, ஹைட்ராலிக்கில் கசிவில்லை. முன் டயர்கள் இரண்டையும் தடவிப் பார்த்து, "அளவு ஒண்ணுதான் தம்பி, யாரும் மாத்திப் போடல" என்றார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடும்படி விகிதம் அமைத்திருப்பார்கள். வேறு அளவு டயர் போட்டு அந்த விகிதத்தைக் கெடுத்தால் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டித் தேயும். இறுகிய சாலையில் முன் இழுவையைத் துண்டித்துவிட்டு ஓட்டச் சொல்வதும் இதனால்தான்.

அதைத்தான் வாங்கினேன். 24 எச்.பி., மூன்று சிலிண்டர், நான்கு சக்கர இழுவை, முன்னால் வெயிட் கொக்கி. சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டி வந்தபோது கேட்டில் இரண்டு பக்கமும் தலா இருபது சென்டிமீட்டர் மிச்சம் விட்டு நுழைந்தது. மரங்களுக்கிடையில் ஒரு கிளைகூட உரசவில்லை. வேலி ஓரத்தில் ஒரே வீச்சில் திரும்பியது. அண்ணன் பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் பார்க்கிறார் என்ற பெருமையோடு கொட்டகைக்குள் விட்டேன். தலைக்கு மேல் 'டங்' என்று ஒரு சத்தம். காப்பு வளைவு உத்திரத்தில் இடித்து நின்றது.

அகலம் அளந்தேன், இடைவெளி அளந்தேன், திரும்பும் இடத்தை அளந்தேன். உயரத்தை அளக்க மறந்துபோனேன்.

"நாடா வச்சுத்தானே அளந்தே?" என்றார் அண்ணன்.

இப்போது தினமும் வாசலில் இறங்கி, இரண்டு பின்னை உருவி, வளைவை மடக்கி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு உள்ளே விடுகிறேன். காலையில் வெளியே எடுத்ததும் நிமிர்த்திப் பின்னைப் போடுகிறேன். உத்திரத்தை ஒரு முழம் உயர்த்தித் தரச் சொல்லித் தச்சரிடம் பேசியிருக்கிறேன். அடுத்த வாரம் வந்து அளந்து பார்க்கிறேன் என்றார்.